வியர்வையோடு செல்லும் தாதுக்கள்

கோடையில் சென்னையிலிருந்து தில்லிக்கோ நாகபுரிக்கோ பணியேற்று வருகிறவர்கள் முதல் வாரத்தில் ஒரு வியப்பைச் சொல்வதுண்டு. "அங்கே நின்ற இடத்தில் சட்டை நனைந்துவிடும், இங்கே வெயில் 45 டிகிரியை எட்டியும் வியர்ப்பதே இல்லை" என்பர். வியர்க்கத்தான் செய்கிறது. ‘லூ’ எனப்படும் வறண்ட அனற்காற்று அதை அப்போதைக்கப்போது உலர்த்திவிடுகிறது. மாலையில் சட்டையின் முதுகில் படிந்திருக்கும் வெள்ளைக் கோடே அதற்குச் சான்று.

அக்கோட்டில் இருப்பது பெரும்பாலும் உப்பு. ஆயினும் துத்தநாகம், செம்பு, இரும்பு ஆகியனவும் மிகச் சிறிய அளவில் வியர்வையோடு வெளியேறுகின்றன. ஆங்கிலத்தில் இவற்றைச் ‘சுவடு’ என்று பொருள்படும் சொல்லால் குறிப்பர். நுண்தாதுக்கள் என்பது நம் வழக்கு. வளர்ந்த ஒருவரின் உடல் முழுவதிலும் இரும்பு ஏறத்தாழ 4 கிராமும் துத்தநாகம் 2 கிராமுமே உள்ளன. ஒரு லிட்டர் வியர்வையில் சோடியம் சுமார் 1 கிராம் இருக்க, துத்தநாகம் பெரும்பாலும் 1 மில்லிகிராமுக்கும் குறைவே. கடும் வெயிலில் உழைப்பவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை சிந்துவது அரிதன்று. ஆகவே பகல் முழுவதும் உழைப்பவருக்கு இச்சிறு தொகையும் கணக்கில் சேரும்.

நல்ல வேளையாக, உடல் சிக்கனம் கற்றுக்கொள்கிறது. நாள்தோறும் வெயிலில் உழைத்துவந்தால், 10 முதல் 14 நாட்களில் வியர்வை மிகுந்தும் அதில் உப்பு குறைந்தும் போகிறது. துத்தநாகத்தின் செறிவும் வியர்க்க வியர்க்கக் குறைகிறது. அந்தப் பழக்கம் கைகூடுவதற்கு முந்திய நாட்களே அபாயமானவை. அப்போது உயிருக்கே ஊறு விளைப்பது நீரும் உப்பும் குன்றுதலும் உடல் அளவுமீறிச் சூடேறுதலுமே, நுண்தாதுக் குறைவன்று. நீர்மோரும், இவ்வூர்க்காரர் அருந்தும் உப்பிட்ட எலுமிச்சைச் சாறாகிய ‘ஷிகஞ்சி’யும் அந்நாட்களில் பெருந்துணை. இரத்த அழுத்தமுடையோர் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

உடற்பயிற்சி செய்வோர் இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கண்டு கலங்குவதுண்டு. கடும் பயிற்சி முடிந்தவுடன் தசைகளிலிருந்து துத்தநாகம் இரத்தத்தில் கலப்பதால் அதன் அளவு உயரும். சில மணி நேரத்தில் முன்னிருந்ததினும் தாழக்கூடும். வெயிலுக்கும் பயிற்சிக்கும் பழகிய உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. அதனால் மொத்த அளவு குறையாமலே ஹீமோகுளோபின் குறைந்ததுபோல் தோன்றும். ஓய்வெடுத்த மறுநாட் காலையில் இரத்தம் கொடுப்பதே தகும். எனினும் நீண்ட தூரம் ஓடுவோருக்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, இரும்பு மெய்யாகவே குறைவதுண்டு. கடும் பயிற்சிக்குப்பின் சில மணி நேரம் குடல் இரும்பைக் குறைவாகவே ஏற்கிறது என்பது அதற்கு ஒரு காரணம்.

உண்மையான குறைவு பெரும்பாலும் உணவில் தொடங்குகிறது. பீகாரிலுள்ள பக்ஸரில் பிறந்த டாக்டர் ஆனந்த பிரசாத், ஈரானில் ஷீராஸ் நகரில் பணியாற்றியபோது, இருபது வயதைக் கடந்தும் பத்து வயதுச் சிறுவர்போல் வளர்ச்சி குன்றியிருந்தோரைக் கண்டார். அவர்களுடைய உணவு பெரும்பாலும் புளிக்க வைக்காத கோதுமை ரொட்டி. இது 1961-இல் வெளியாயிற்று. 1963-இல் எகிப்தில் செய்த ஆய்வுகள் துத்தநாகக் குறைவைத் தெளிவாக்கின. வெப்பநாட்டில் வியர்வை வழியாகவும் அது போகிறது என்பதையும் அவர் கருதிப் பார்த்தார். தவிட்டிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் பற்றிக்கொண்டு குடல் ஏற்காதபடி தடுக்கிறது. மாவு புளிக்கும்போது அப்பொருள் சிதைகிறது.

வடக்கே வந்தபின் மூன்று வேளையும் சப்பாத்தியே என்று ஆகிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இதை எண்ணிப் பார்க்கலாம். சப்பாத்தியைக் கைவிட வேண்டுவதில்லை. இட்லிமாவைக் கைவிடாதிருந்தால் போதும். உடன் பருப்பு, எள், முளைகட்டிய பயறு, உண்போர்க்கு முட்டையும் இறைச்சியும் வேண்டும். தேநீரும் காப்பியும் உணவோடு சேராமல் ஒரு மணி நேரம் விலகியிருக்கட்டும். அவை இரும்பைத் தடுப்பவை. எலுமிச்சையோ அதை ஏற்கச் செய்வது. துத்தநாக மாத்திரையைத் தாமாகவே வாங்கி நெடுநாள் மிகுதியாக உண்போருக்குச் செம்புக் குறைவு நேர்வதுண்டு. மருத்துவர் சொன்னாலன்றி அது வேண்டா.