பழைய பத்மினிக்குப் புதுப் பொறி: எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டலாமா?

மும்பைத் தெருக்களை விட்டு பத்மினி டாக்சி விடைபெற்றுவிட்டது. கடைசி வண்டி 2003 அக்டோபர் 29-ந் தேதி தார்தேவ் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவானது. டாக்சிக்கு வயது வரம்பு 20 ஆண்டு. அதன்படி 2023 அக்டோபர் 30 முதல், கறுப்பு-மஞ்சள் வண்ணத்தில் ஒரு பத்மினிகூட சவாரி ஏற்ற முடியாது என்றாகிவிட்டது.

டாக்சிதான் போயிற்று. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பத்மினியை விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் பழைய கட்டிடங்களின் கீழே, துணி போர்த்தி நிறுத்திய வண்டிகளைப் பார்க்கலாம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அப்பா வாங்கிய காரை, மகன் ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து ஓட்டுகிறார். குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் 1964 முதல் தயாரான பியட் 1100 கார்தான், 1970-களின் நடுவில் பத்மினி என்று பெயர் மாறியது. 1,089 சி.சி. என்ஜின். நான்கு சிலிண்டர். நல்ல உழைப்பாளி.

இந்த வண்டிக்காரர்களுக்கு இப்போது பெரிய தலைவலி சி.பி. பாயிண்ட். ஒரு காலத்தில் எந்த மூலைக் கடையிலும் கிடைத்த சாமான். இன்று கிடைப்பதில் பாதி, முனை சரியாக உட்காராத மட்ட ரகம். மாதம் ஒருமுறை கேஜ் பிடித்து இடைவெளி வைத்துத் தர, பழகிய கையும் அருகிவிட்டது. எனவே, “பாயிண்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா?” என்ற கேள்வி எழுகிறது.

மாட்டலாம். ஆனால் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் செய்யாமல் மாட்டுபவர்கள்தான், “காசு போயிற்று, மிஸ்ஸிங் போகவில்லை” என்று புலம்புகிறார்கள்.

தேயும் கட்டை

பாயிண்ட் என்பது வெறும் சுவிட்ச். சாவியைத் திருப்பியதும் பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம், காயிலின் தடித்த கம்பிச் சுற்று வழியாக ஓடி, பாயிண்ட் மூடியிருக்கும் வரை பாடி எர்த்துக்கு இறங்குகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுவில் சுழலும் கேம், பாயிண்ட்டைத் தள்ளித் திறக்கிறது. மின்சாரம் சட்டென அறுபடுகிறது. அந்த அதிர்ச்சியில் காயிலின் மெல்லிய கம்பிச் சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறந்து, ரோட்டார் வழியாக ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் போய்ப் பொறியாகிறது. அமெரிக்க என்ஜினீயர் சார்லஸ் கெட்டரிங் 1910-ஆம் ஆண்டையொட்டி கேடிலாக் கார்களுக்காக வகுத்த முறை இது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை இதில்தான் ஓடின.

என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது, நான்கு சிலிண்டர் வண்டியில் பாயிண்ட் வினாடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் நாலு ஆம்பியர் அளவு மின்சாரத்தை அறுக்கிறது. முனை கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடும் விழும். கண்டென்சர் இருப்பதால் உடனே எரிந்துவிடாது; அவ்வளவுதான். இன்னொரு பக்கம், கேம் மீது உராயும் பைபர் கட்டை தேய்ந்துகொண்டே வரும். கட்டை தேய்ந்தால் இடைவெளி குறையும். இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். டைமிங் பின்வாங்கும். காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும், மேம்பாலத்தில் இழுவை குறையும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

எலெக்ட்ரானிக் கிட் இந்த இரண்டு சங்கடத்தையும் ஒழிக்கிறது. பாயிண்ட் இருந்த தட்டில் ஒரு சின்ன உணர்வுக் கருவி உட்காருகிறது. கேம் மீது காந்தங்கள் பதித்த வளையம் ஒன்று ஏறுகிறது. காந்தம் கடக்கும்போது கருவி உணர்ந்து, டிரான்சிஸ்டர் வழியாகக் காயில் மின்சாரத்தை அறுக்கிறது. எட்வின் ஹால் என்ற விஞ்ஞானி 1879-ல் கண்டுபிடித்த விளைவுதான் இதற்கு அடிப்படை. எதுவும் எதையும் தொடுவதில்லை. எனவே தேய்மானம் இல்லை, கருகல் இல்லை. இன்று வைத்த டைமிங் நெடுநாள் நகராது. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1973-லேயே தன் கார்களில் பாயிண்ட்டைக் கைவிட்டுவிட்டது.

இதனால் வண்டி பறக்கும், மைலேஜ் இரட்டிப்பாகும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். புதுப் பாயிண்ட்டைச் சரியாக வைத்த பத்மினிக்கும் கிட் மாட்டிய பத்மினிக்கும், தாதர் நெரிசலில் பெரிய வித்தியாசம் தெரியாது. மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். பாயிண்ட் வண்டி தளர்ந்திருக்கும். கிட் வண்டி அப்படியே இருக்கும். சி.என்.ஜி. வண்டிகளுக்கு இன்னும் கொஞ்சம் லாபம் உண்டு. பெட்ரோல் ஆவியைவிட அந்த வாயுவைப் பற்றவைக்கப் பொறிக்கு அதிக வோல்ட் தேவை. பலவீனமான பொறி அங்கே சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

முதல் வேலை

இனி, மாட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, ரோட்டாரை எடுத்துவிட்டு, நடுத்தண்டை விரலால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கைக்குத் தெரிகிற அளவு ஆடினால், உள்ளே புஷ் தேய்ந்திருக்கிறது. முப்பது நாற்பது வருட வண்டிகளில் இது சர்வ சாதாரணம். தண்டு ஆடினால் காந்த வளையமும் ஆடும். சிலிண்டருக்குச் சிலிண்டர் டைமிங் மாறும். எந்தக் கிட்டாலும் அதைச் சரிசெய்ய முடியாது. லேத் பட்டறையில் கொடுத்துப் புஷ் மாற்றிக்கொள்வதுதான் வழி.

அதேபோல, தண்டின் அடியில் இரண்டு எடைகளும் ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகம் கூடக்கூட டைமிங்கை முன்னே தள்ளுவது அவற்றின் வேலை. பழைய கிரீஸ் காய்ந்து எடைகள் ஒட்டிக்கொண்டிருந்தால், வண்டி ஐட்லிங்கில் நன்றாக இருந்தும் வேகத்தில் திணறும். ரோட்டாரைக் கையால் கொஞ்சம் திருப்பி விட்டால், தானாகத் துள்ளித் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். பாதிப் புகார்கள் இந்த ஒரு சொட்டு எண்ணெயிலேயே தீர்ந்துவிடும் என்று கிட் விற்பவர் சொல்ல மாட்டார்.

பத்மினி, அம்பாசடர் வண்டிகளில் சென்னை பாடியில் உள்ள லூகாஸ்-டி.வி.எஸ். தயாரிப்பான டிஸ்ட்ரிபியூட்டர்களைக் காணலாம். உடம்பில் எண் பொறித்திருக்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போய், அதற்கேற்ற கிட்டையே வாங்க வேண்டும். “எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்று சொல்லி விற்பதை வாங்கினால் காந்த வளையம் ஒன்று ஏறாது, அல்லது ஆடும்.

மாட்டும் முறை

மாட்டுவது கஷ்டமில்லை, ஒரு மணி நேர வேலை. பாட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு, பாயிண்ட்டையும் கண்டென்சரையும் எடுக்க வேண்டும். கருவியைத் தட்டில் திருகி, வளையத்தைக் கேம் மீது அமுக்கி, இரண்டுக்கும் நடுவே கிட்டுடன் வரும் பிளாஸ்டிக் தகடு அளவுக்கு இடைவெளி விட வேண்டும். வளையம் ஏறியதால் ரோட்டார் சற்று உயரமாக உட்காரக்கூடும். மூடியின் உள்ளே உரசுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துக்கொள்வது அவசியம்.

ஒரு கம்பி காயிலின் பாசிட்டிவுக்கு, ஒன்று நெகட்டிவுக்கு. மாற்றிக் கொடுத்தால் கருவி அந்த நொடியே போய்விடும். மோரிஸ் மைனர் போன்ற பழைய ஆங்கிலேயக் கார்கள் சிலவற்றில் பாடி எர்த்தே பாசிட்டிவ். அவற்றுக்குத் தனிக் கிட்.

அவசரக்காரர்கள் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. சில வண்டிகளில் சாவிக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு தடைக் கம்பி வைத்திருப்பார்கள். கழற்றுவதற்கு முன்பே சோதித்துவிடலாம். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, காயிலின் பாசிட்டிவில் மீட்டர் வையுங்கள். 12 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் தடை இல்லை. ஆறு, ஏழு என்று காட்டினால் தடை இருக்கிறது. அப்போது கிட்டின் பாசிட்டிவ் கம்பியைத் தடைக்கு முன்னாலேயே, சாவிப் பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். காயிலின் உள்தடையையும் அளக்க வேண்டும். நான்கு சிலிண்டர் கிட்டுகள் பலவும் ஏறத்தாழ 3 ஓம் காயிலை எதிர்பார்ப்பவை. பொறி பலமாக இருக்கட்டும் என்று குறைந்த ஓம் காயிலைப் போட்டால் மின்சாரம் கூடி, கருவி சூடேறிப் போய்விடும்.

பிளக் வயர்கள் வெறும் செம்புக் கம்பியாக இருந்தால், தடை உள்ள வயராக மாற்றுவது நல்லது. செம்புக் கம்பியின் மின் இரைச்சல் கருவியைக் குழப்பும். டிஸ்ட்ரிபியூட்டர் தட்டை உடம்போடு இணைக்கும் சிறு எர்த் வயரும் அறுந்திருக்கக் கூடாது. எல்லாம் முடிந்தபின் டைமிங்கைப் புதிதாக, லைட் வைத்துப் பார்த்தே வைக்க வேண்டும். பழைய குறி இப்போது உதவாது.

சொல்லாமல் போகும்

இவ்வளவும் செய்தபின் வண்டி நன்றாகவே ஓடும். ஆனால் ஒரு வித்தியாசத்தை மனதில் வைக்க வேண்டும். பாயிண்ட் கெடும்போது சொல்லிவிட்டுக் கெடும். நாலு நாள் இருமும், பிறகுதான் படுக்கும். எலெக்ட்ரானிக் கருவி பெரும்பாலும் சொல்லாமல் போகும். ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுச்சாலையில் அப்படியே நின்றுவிடும். தேய்ந்த பாயிண்ட்டை உப்புத்தாள் கொண்டு தேய்த்து வீடு வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். கருவியைத் தேய்க்க முடியாது.

அது பெரும்பாலும் மனிதர் கையால்தான் சாகிறது. என்ஜினை நிறுத்திவிட்டு, பாட்டுக் கேட்க சாவியை இக்னிஷனிலேயே விட்டுவைப்பது ஒரு காரணம். விலை குறைந்த கிட்டுகளில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்து கருவியைச் சுட்டுவிடும். பாட்டரி இறங்கிய அன்று அடுத்த வண்டியிலிருந்து கம்பி கொடுக்கும்போது பிளஸ்-மைனஸ் மாறுவது இன்னொன்று. மூன்றாவது, மும்பைக்கே உரியது. கடல் காற்றிலும் மழையிலும் பத்மினியின் தரைத் தகடு துருப்பிடிக்கும். வெல்டிங் வைக்காத வண்டி அபூர்வம். பாட்டரியையும் கிட்டின் கம்பிகளையும் கழற்றாமல் வெல்டிங் வைத்தால், தரை பிழைக்கும், கருவி பிழைக்காது.

மழையைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. எலெக்ட்ரானிக் மாட்டினால் ஹிந்த்மாதா தண்ணீரிலும் வண்டி நிற்காது என்று நினைக்கிறார்கள். மூடி, ரோட்டார், பிளக் வயர், காயில் எல்லாம் அதே பழையவைதான். வெடித்த மூடிக்குள் ஈரம் இறங்கினால், பொறி பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் மீதே ஓடிவிடும். ஜூன் பிறக்கும் முன் மூடியையும் வயர்களையும் மாற்றுவதும், வண்டி நின்றால் உலர்ந்த துணியால் மூடியின் உட்புறத்தைத் துடைப்பதும் டாக்சிக்காரர்களின் பழைய வழக்கம். கிட் மாட்டியவரும் அதைக் கைவிடக் கூடாது.

வெளியூர்ப் பயணம் போகிறவர்கள், கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறிய வேண்டாம். ஓடும் நிலையில் உள்ள ஒரு செட்டை அதன் திருகாணிகளோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி டிக்கியில் போட்டுவையுங்கள். கூடவே ஒரு திருப்புளி, ஒரு டார்ச், கேஜ் தகடு. கேஜ் இல்லாவிட்டால் ஒரு விசிட்டிங் கார்டு போதும். அதன் கனம் ஏறத்தாழ அந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வந்துவிடும். கண்டாலா மலைப்பாதையில் கருவி போய்விட்டால், வளையத்தை உருவி, பாயிண்ட்டைத் திருகி, காயில் நெகட்டிவ் கம்பியை மாற்றினால், டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் முன்பின் திருப்பி வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்துவிடலாம். இந்த மாற்று வேலையை வீட்டு வாசலில், பகல் வெளிச்சத்தில், ஒருமுறை செய்து பார்த்துவிட்டுப் புறப்படுவது நல்லது.