பதின்பருவத்து ஒற்றைத் தலைவலி: தூண்டுபவை எவை?

சுவீடனைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் போ பில்லே, 1955-இல் உப்சாலா நகரப் பள்ளி மாணவர்கள் ஏறத்தாழ 9,000 பேரை ஆராய்ந்து, மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி ஏழு வயதில் நூற்றுக்கு ஓரிருவரிடமும் பதினைந்து வயதில் ஐவரிடமும் இருப்பதைக் கண்டறிந்தார். அவர்களுள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட 73 பேரை நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஐம்பது வயதை ஒட்டிய பருவத்திலும் பாதிக்கும் மேற்பட்டோரை அந்நோய் விட்டிருக்கவில்லை. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான மதிப்பாய்வு, சிறாரிலும் பதின்பருவத்தினரிலும் 7.7 விழுக்காட்டினருக்கு இந்நோய் உண்டு என்கிறது. பருவமெய்தும் வரை ஆண், பெண் இருபாலாரிடமும் ஏறக்குறைய சமமாகக் காணப்படும் நோய், அதன்பின் பெண்களிடமே மிகுகிறது. மாதவிடாய்க்குச் சற்று முன் ஈஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீரின் அளவு சட்டெனக் குறைவதும் வலியைத் தூண்டக்கூடும்.

வளரிளம் பருவத்தினருக்கு வலி பெரும்பாலும் நெற்றியின் இருபுறமும் தோன்றி, சில வேளைகளில் இரண்டே மணி நேரத்தில் தணிந்துவிடுவதால், சைனஸ் என்றோ கண் பார்வைக் கோளாறு என்றோ கருதப்பட்டு, கண்ணாடி மாற்றுவதோடு விஷயம் முடிந்துவிடுவதுண்டு. குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமை, படியேறினால்கூட வலி கூடுதல் ஆகியவையே இதை அடையாளம் காட்டுகின்றன.

தூண்டுபவை வேறு, காரணம் வேறு. பெரிதும் மரபுவழி வரும் எளிதில் கிளர்ச்சியுறும் மூளையில், முகத்திலும் தலையிலுமிருந்து உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் முப்பெரு நரம்பு தூண்டப்பட்டு, சிஜிஆர்பி என்னும் புரதக்கூறு வெளிப்பட்டு வலியை வளர்க்கிறது. தூக்கக்குறைவு, காலை உணவைத் தவிர்த்தல், போதிய நீர் அருந்தாமை, மன அழுத்தம் ஆகியவை அதற்கு வாய்ப்பளிக்கின்றன. பதின்பருவத்தில் உடற்கடிகாரம் தாமதமாக உறக்கத்தை வரவழைக்க, பள்ளியோ விடியலிலேயே எழுப்பிவிடுவதால், இந்த வயதில் தூக்கமே முதலில் கவனிக்கத்தக்கது. தேர்வின்போது வராத வலி, தேர்வு முடிந்து மனம் தளர்ந்த மறுநாள் வருவதும் உண்டு. அதை நடிப்பென்று கருதுவது அநியாயம். சாக்லேட் மீதான பழியும் ஐயத்துக்குரியதே: வலிக்குப் பல மணி நேரம் முன்பே கொட்டாவி, சோர்வு, இனிப்பின் மீது நாட்டம் ஆகியவை தோன்றக்கூடும் என்பதால், தின்றதால் வலி வந்ததா, வலி வரவிருந்ததால் தின்னத் தோன்றியதா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

2017-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அமிட்ரிப்டிலின், டோபிரமேட் ஆகிய தடுப்பு மருந்துகளை உட்கொண்ட 8 முதல் 17 வயதினரில் முறையே 52, 55 விழுக்காட்டினருக்கும், மருந்தற்ற போலி மாத்திரை பெற்றோரில் 61 விழுக்காட்டினருக்கும் தலைவலி நாள்கள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தன. எனவே வேளைக்கு உறக்கமும் உணவும் முதலிடம் பெறுகின்றன. வலி தொடங்கியவுடன் மருத்துவர் சொன்ன அளவில் ஐபுபுரூபன் போன்ற மாத்திரை உதவும். ஆனால் சாதாரண வலிநிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைத் தாண்டி விழுங்கினால், அவையே தலைவலியை உண்டாக்கத் தொடங்குகின்றன.