உறைந்து நின்ற திரை

அண்மையில் ஒரு நாள், குடும்பப் புகைப்படங்கள் 300ஐ ஒரே ஏடாகத் தொகுத்துச் சேமிக்குமாறு கணினிக்குக் கட்டளையிட்டோம். திரை உறைந்தது. எந்தப் பொத்தானை அழுத்தியும் அசைவில்லை. மென்பொருள் செத்துவிட்டதென்றெண்ணி அதனை மூடினோம். அதுவோ உள்ளே உழைத்துக்கொண்டிருந்தது! 2 மணி நேரப் பாடு பாழாயிற்று.

இக்கோளாறு எதனால் விளைகிறது? நமது கட்டளையைக் கேட்பதும் திரையை வரைவதும் மென்பொருளின் ஒரே வேலைத்தொடரின் பொறுப்பு. இதனை இழை என்பர். நமது அழுத்தங்கள் யாவும் அதன்முன் வரிசையில் நிற்கும். அவ்விழையே பளுவான வேலையிலும் இறங்கினால் வரிசையைக் கவனிப்பார் யார்? கடைக்காரர் தாமே கிட்டங்கிக்குள் மூட்டை எண்ணப் போய்விட்டால் வாடிக்கையாளர் கதி என்னவாகும்? விண்டோஸ் 5 விநாடியளவு பொறுத்துப் பார்த்து, அம்மென்பொருள் பதிலளிக்கவில்லை என்று அறிவித்துவிடும்.

பரிகாரம் யாதெனில், நெடிய வேலையை வேறோர் இழையிடம் ஒப்படைப்பதே. பெரும்பாலான அமைப்புகளில் அவ்விழை திரையைத் தொடலாகாது. முடிந்த வேலையின் அளவை முதல் இழைக்குச் சொல்லியனுப்ப, அதுவே திரையில் காட்டும். 1985ஆம் ஆண்டு பிராட் மயர்ஸ் வெளியிட்ட ஆய்விலும், முன்னேற்றங் காட்டும் பட்டையையே பயனாளர் பெரிதும் விரும்பினர். வேலையை இடையில் நிறுத்தப் பொத்தானொன்றும் வேண்டும்.

காத்திருக்க நாம் மறுக்கவில்லை. வேலை நடக்கிறதென்று ஒரு சொல் கேட்டிருந்தால், அன்று நாமும் பொறுத்திருப்போம். மென்பொருள் எழுதும் இளைஞர் இதனை மனத்திற் கொள்வாராக.