துண்டுத் துணியும் கூட்டுறவும்

பழந்துணியும் ஒரு வட்டாரத்து மக்களுக்கு வாழ்வு தரக்கூடும் என்பதற்கு அமெரிக்க நாட்டின் அலபாமா மாநிலத்திலுள்ள வில்காக்ஸ் மாவட்டம் சான்றாகும். ஆங்குப் பருத்தி பயிரிட்ட கறுப்பின வாரக்குடிகளின் இல்லங்களில், பெண்கள் நைந்த வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் வீணாக்காது போர்வைகளாகத் தைத்து வந்தனர்.

முறை எளிது. துணிகளைத் துவைத்து, நையாத பகுதிகளைக் கத்தரித்து, நிறவாரியாகப் பிரித்தல் வேண்டும். ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, துண்டுகளைப் பட்டைகளாகவும், பட்டைகளை முழு விரிப்பாகவும் இணைத்தல் வேண்டும். அதன்கீழ்ப் பஞ்சைப் பரப்பி, அடியில் உறுதியான துணியை வைத்து, மூன்றையும் சேர்த்து நெருக்கமாக ஓட்டுத்தையல் இட்டால் பஞ்சு ஒதுங்காது.

1966-ஆம் ஆண்டில் இப்பெண்கள் ‘ஃபிரீடம் குவில்ட்டிங் பீ’ என்னும் கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, போர்வைகளை நகரங்களில் விற்றனர். அமைப்பு 23 ஏக்கர் நிலம் வாங்கிற்று. 1969-இல் தையற்கூடம் எழுப்பிற்று. வாக்காளராகப் பதிவு செய்துகொண்டமைக்காக நிலவுடைமையாளரால் வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றிற்கு அந்நிலத்திலேயே மனைகளும் விற்கப்பட்டன. 1972-இல் சியர்ஸ் நிறுவனத்திற்குத் தலையணை உறைகள் தைத்தபோது எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளும் போர்வைகளாயின. 2012-இல் அமைப்பு மூடப்பட்டது.

தனித்துத் தைத்தபோது குளிரை மட்டும் காத்த துண்டுகள், கூடித் தைத்தபோது குடியிருக்க இடமும் தந்தன. ஊராட்சி உறுப்பினர்கள் கருத்திற்கொள்ளத்தக்க செய்தி இது.