‘மாதிரி’ என்ற சொல் இருக்கும்வரை

“பெரியம்மா, பஸ்ஸுல எல்லாரும் என்னையவே பாக்குற மாதிரி இருக்கு. பாக்கலைன்னும் தெரியுது. ஆனாலும் பயமா இருக்கு.”

போன ஆடியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து என் தங்கை மகன் இப்படிச் சொன்னான். வயது 19, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. ஹாஸ்டலிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தான். மூன்று மாதமாகச் சரியான தூக்கமில்லை. செல்போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான்.

அந்த ‘மாதிரி’யை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காரணம், என் தம்பி. 1996இல் அவனுக்கும் இதே வயது. அவனும் ‘மாதிரி’ என்று சொல்லியிருப்பான். கேட்க எங்களுக்குக் காது இல்லை. படிக்கப் பிடிக்காமல் நடிக்கிறான் என்று அப்பா அடித்தார். அம்மா தாயத்துக் கட்டினாள். ஒன்றரை வருடம் கழித்து மனநல மருத்துவரிடம் போனபோது, பக்கத்து வீட்டு ரேடியோ தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்பதில் அவனுக்குத் துளி ஐயமும் இல்லை. மாத்திரையில் குரல்கள் அடங்கின. விட்டுப்போன படிப்பும் நண்பர்களும் திரும்பவில்லை.

இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக அசையாமல் நம்புவது: இதைத்தான் சைக்கோசிஸ் என்கிறார்கள். பலருக்கு அது ஒரே நாளில் வருவதில்லை. முன்னால் ஒரு காலம் உண்டு. தூக்கம் கெடும், பிள்ளை ஒதுங்குவான், மதிப்பெண் சரியும், சந்தேகம் தலைகாட்டும். ஆனால் தன் சந்தேகத்தையே சந்தேகிக்க அவனால் முடியும். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1994இல் பேட்ரிக் மக்கோரியும் அவர் குழுவினரும் இந்தக் கட்டத்தில் இருக்கும் இளைஞர்களுக்கென்றே தனியாக ஒரு கிளினிக் தொடங்கினார்கள். அப்படி உதவி தேடி வருபவர்களில் மூன்று ஆண்டுகளுக்குள் சைக்கோசிஸ் வருவது ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின. மற்றவர்களுக்கு வருவதில்லை. அதனால்தான் அவசரப்பட்டு ஒரு நோயின் பெயரைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது.

எங்கள் பிள்ளையைப் பார்த்த மருத்துவரும் பெயர் எதுவும் சொல்லவில்லை. சைக்கோசிஸுக்கான மாத்திரையும் தரவில்லை; இந்தக் கட்டத்தில் பேச்சுவழிச் சிகிச்சைதான் முதலில் என்றார். ஹாஸ்டலில் கஞ்சா பழகியதை அவனே சொன்னான். அதை அறவே விடச் சொன்னார்கள். தூங்கப் போகும் நேரம் ஒழுங்கானது. பிறகு உளவியலாளர் ஒரு வேலை கொடுத்தார்: பஸ்ஸில் போ, உன்னை உண்மையில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணி எழுது.

அவன் தனியாகப் போக மாட்டேன் என்றான். என் தம்பி கூடப் போனான். மதுரையில் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரை மாமனும் மருமகனும் எண்ணினார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் செல்போனில் மூழ்கியிருந்தார்கள். ஒரு குழந்தை மட்டும் அவனைப் பார்த்துச் சிரித்தது. வாரம் இரண்டு தடவை என்று ஒரு மாதம் இது நடந்தது.

எங்களுக்கும் பாடம் இருந்தது. அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று வழக்காடாதீர்கள், பயமாக இருக்கிறதா என்று கேளுங்கள் என்றார்கள். தங்கை வீட்டுக்காரருக்கு இது எளிதாக வரவில்லை. ‘சும்மா யோசிக்காதே, வேலையப் பாரு’ என்ற பேச்சு அவர் நாக்கிலேயே நிற்கும். அதை விழுங்கப் பழகினார். அந்த மனிதரை நான் மதிக்கிறேன்.

வீட்டின் பங்கு சின்னதல்ல. முதன்முறை சைக்கோசிஸ் கண்டவர்களுக்குச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல மையத்திலும் கனடாவின் மாண்ட்ரியாலிலும் ஒரே வகைச் சிகிச்சை கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, சென்னையில் குடும்பங்கள் கூடுதலாகத் துணை நின்றதைக் கண்டார்கள். ஸ்கார்ஃப், மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கியது. தம்பிக்கு நோய் வந்தபோது அப்படி ஓர் இடம் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இன்று 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசில்லை.

பிள்ளை இப்போது வீட்டிலிருந்தே கல்லூரிக்குப் போய்வருகிறான். இரண்டு அரியர் பாக்கி. தூக்கம் கெட்டால் பழைய பயம் எட்டிப்பார்க்கிறது. அவனே வந்து சொல்கிறான். மாதம் ஒருமுறை உளவியலாளரைப் பார்க்க இன்னமும் தாய்மாமன்தான் கூட்டிப்போகிறான், பஸ்ஸில்.