எட்டாவது மாடியில் ஒரு கோட்டைப்பட்டினத்துப் பெண்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, கலக்கமும் இருந்தது.

"மாமி, விசா வந்திருச்சு. அடுத்த மாசம் சிங்கப்பூர். நீங்க அங்க இருந்தவுக. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு சொல்லுங்க."

"சாமான் கிடக்கட்டும். முதல்லே உட்காரு, என் கதையைக் கேளு" என்றேன். அவளிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். வெளிநாடு புறப்படும் பெண்களுக்கும், அவர்களை அனுப்பிவைக்கும் தாய்மார்களுக்கும் உபயோகப்படும் என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் கோட்டைப்பட்டினம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர். கடலில் இறங்கி மீன் பிடிக்கிறவர்கள் உண்டு. கடலைத் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கும் சபுராளிகளும் உண்டு. என் மாமனார் காலத்தில் நாகப்பட்டினம் போய் 'ரஜூலா' கப்பல் ஏறுவார்கள். அதற்குப் பிறகு 'சிதம்பரம்' கப்பல். 1985இல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் பயணமும் நின்றது. இப்போது திருச்சியில் விமானம் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். உடம்பு போய் இறங்கிவிடும். மனசு போய்ச் சேரத்தான் நாளாகும்.

நான் போனது 1991இல். மூத்தவனுக்கு அப்போது ஒன்றரை வயது. என் வீட்டுக்காரருக்கு சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. பிடோக்கில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், எட்டாவது மாடியில் வாடகைக்கு வீடு. குழாயைத் திறந்தால் காய்ச்சாமலே குடிக்கக்கூடிய தண்ணீர். குப்பையைப் போட வீட்டுக்குள்ளேயே ஒரு குழாய் வழி. ஒரு வாரம் எல்லாவற்றையும் அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் பால் வாங்கக் கீழே இறங்கினேன். திரும்பிப் பார்த்தால் எல்லாக் கட்டடமும் ஒரே மாதிரி! சுவரில் பிளாக் எண் பெரிதாகத்தான் எழுதியிருந்தது. எங்கள் எண் என்ன என்று நான் கேட்டு வைத்துக்கொண்டிருந்தால் அல்லவா? பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினேன். அங்கே சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டித் துணி காயப்போடுவார்கள். எட்டாவது மாடியில் என் பச்சைச் சேலை ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன்.

இரவு இதைச் சொன்னதும் அவர் பயந்துவிட்டார். "இனிமே தனியா இறங்காதே. கதவைப் பூட்டிக்கிட்டு உள்ளேயே இரு. வேண்டியதை நான் வாங்கிட்டு வர்றேன்" என்றார். அக்கறையோடு சொன்ன வார்த்தைதான். ஆனால் அந்தப் பூட்டு இரண்டரை மாதம் திறக்கவில்லை.

காலை ஒன்பதுக்குப் போனால் அவர் வர இரவு பத்தரை ஆகும். சுவர்க் கடிகாரத்தை நான் ஊர் நேரத்துக்கே திருப்பி வைத்திருந்தேன். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். 'இப்போ அம்மா உலை வச்சிருக்கும், இப்போ மீன்காரி வந்திருப்பா' என்று எண்ணிக்கொண்டே பொழுது போகும். பசி போயிற்று. தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுகை வரும். ஊருக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் 'நலம்' என்று எழுதுவேன்.

பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மூதாட்டி. ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பார்க்கும்போதெல்லாம் "சுடா மாக்கான்?" என்பார். எனக்குப் பாஷை புரியாது. தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஒரு நாள் இரவு எட்டு மணிக்குப் பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. திடீரென்று கண் மேலே செருகி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. பிள்ளை போய்விட்டான் என்றே நினைத்தேன். கடைக்குப் போன் செய்யவும் தெரியவில்லை. கதவைத் திறந்துகொண்டு அலறினேன். என்ன சொல்லி அலறினேன் என்று இன்றுவரை தெரியாது. அந்த அம்மா ஓடி வந்தார். பல் கிட்டிவிடுமே என்று நான் கையில் வைத்திருந்த கரண்டியைப் பிடுங்கி எறிந்தார். பிள்ளையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சட்டையைத் தளர்த்திவிட்டார். இரண்டு மூன்று நிமிஷத்தில் இழுப்பு நின்றது. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான்.

டாக்டர் சொன்னது எல்லாத் தாய்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் சில குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு இப்படி வலிப்பு வரும். பெரும்பாலும் அது மூளையைப் பாதிப்பதில்லை. வாயில் கரண்டியோ துணியோ திணிக்கக் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆம்புலன்ஸ். முதல் தடவை வந்தால், சீக்கிரம் நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மறுநாள் காலை அந்த அம்மா என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். சந்தை, கிளினிக், பஸ் நிற்கும் இடம், எல்லாம் காட்டினார். 'சுடா மாக்கான்' என்றால் 'சாப்பிட்டாச்சா' என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நம்ம ஊர்க் கேள்வி! இரண்டரை மாதமாக ஒருத்தி அதைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் கதவைச் சாத்தியிருக்கிறேன். கடைக்கு மலாயில் 'கெடாய்', கப்பலுக்கு 'காப்பால்'. நம் வார்த்தைகள்தான் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. அவர் எனக்கு மலாய் சொல்லிக் கொடுத்தார். நான் அவருக்கு மிளகு ரசம் வைக்கக் கற்றுக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெலுக் ஆயர் தெருவில் உள்ள நாகூர் தர்கா கட்டடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். 1828க்கும் 1830க்கும் இடையே, நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் கட்டியது. அதைப் பார்த்ததும், 'நமக்கு முன்னே எத்தனை பேர் இங்கே வந்து திகைத்து நின்றிருப்பார்கள்!' என்று தோன்றியது. வீட்டுக்கு வந்ததும் கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்துக்குத் திருப்பி வைத்தேன்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நான் சொன்ன குறிப்புகள் இவைதான்:

பிளாக் எண், வீட்டு எண், தபால் எண் மூன்றையும் விமானம் ஏறுமுன் மனப்பாடம் செய். ஆம்புலன்சுக்கு 995, போலீசுக்கு 999. போனில் மட்டும் வைக்காமல் சுவரிலும் எழுதி ஒட்டு. உன் பாஸ்போர்ட் இருக்கும் இடம் உனக்குத் தெரிந்திருக்கட்டும். அதன் நகல் ஒன்று ஊரில் அம்மாவிடம் இருக்கட்டும்.

மசாலாச் சாமானோடு கசகசாவைக் கட்டிவிடாதே. அங்கே அதற்குக் கட்டுப்பாடு உண்டு. துபாய்ப் பக்கம் போனால் ஜெயில் வரைக்கும் இழுத்துவிடும். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை என்றால் டாக்டர் சீட்டோடு எடுத்துப் போ.

நம் ஊரில் குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைத்துப் பழக்கம். அங்கே அது வேண்டாம். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். அதிகாரிகள் வீடு தேடி வந்து, பூந்தொட்டித் தட்டு வரைக்கும் பார்த்து அபராதம் போடுவார்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சாப்பாடு, தூக்கம் இல்லாமல் அழுகையாகவே வந்தால், 'ஊர் ஞாபகம்தான்' என்று மூடி மறைக்காதே. வீட்டுக்காரரிடம் சொல், டாக்டரிடமும் சொல். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. தமிழில் பேச ஆள் கிடைப்பார்கள்.

அவள் சிரித்தாள். "இப்பத்தான் வீடியோ கால் இருக்கே மாமி. தினம் அம்மாவோட பேசிக்கிட்டே இருப்பேன்."

"அதைத்தான் பயப்படுறேன்" என்றேன். "நான் கடிகாரத்தை ஊர் நேரத்திலே வச்சிருந்தேன். நீ நாள் பூரா போனைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா, நீயும் அதையேதான் செய்யறே. அம்மாகிட்டே ஒரு நேரம் வச்சுப் பேசு. மத்த நேரம் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுக் கீழே இறங்கு. போன மறுநாளே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு."

"சீனக்காரங்களா இருந்தா என்ன பேசறது மாமி?"

"சிரி. ஒரு தட்டுலே நாலு அதிரசம் வச்சுக் கொடு. பாஷை அப்புறம் வரும்."

விடைபெற்று வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள். "மாமி, அவுக இன்னிக்குப் போன் பண்ணுவாக. முதல்லே பிளாக் எண்ணைக் கேட்டு எழுதிக்கிறேன்" என்றாள்.