நிமிஷங்களை விற்ற வானொலி

"சேர், அவ்வளவு பெரிய இலங்கை வானொலியைக் கடைசியில் யார் விலைக்கு வாங்கினார்கள்?"

பதுளையில் அண்மையில் நடைபெற்ற சிறிய இலக்கியக் கூட்டமொன்றில், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று இவ்வாறு கேட்டான். 'வானொலியும் தமிழும்' என்ற பொருள் பற்றி நான் முக்கால் மணி நேரம் பேசி அப்போதுதான் அமர்ந்திருந்தேன். வெளியே ஐப்பசி மழை கூரைத் தகரத்தை அறைந்துகொண்டிருந்தது. சபையிலே சிலர் நகைத்தனர். எனக்கு நகைப்பு வரவில்லை. சூரியன், சக்தி முதலிய தனியார் பண்பலை வானொலிகள் 1998-இல் தோன்றியபின் பிறந்த பிள்ளை அவன். கடல் கடந்த நாடுகளையும் ஒரு காலத்தில் தன் குரலுக்குச் செவிசாய்க்க வைத்த நிலையம் இன்று ஒதுங்கி நிற்கிறதென்றால், அதை யாரோ தனவந்தர் வாங்கி முடக்கியிருக்கவேண்டும் என்று அவன் எண்ணியது இயல்பே.

அன்று இரண்டு வாக்கியங்களில் விடை கூறி முடித்தேன். வீடு திரும்பிய பின்பும் கேள்வி என்னை விடவில்லை. அதற்குரிய முழு விடையை இங்கே எழுத முயல்கிறேன்.

இலங்கை வானொலியை எவரும் வாங்கவில்லை. அது அரசாங்கத்தின் உடைமையாகவே பிறந்தது. இன்றும் அவ்வாறே இருக்கிறது. ஆயினும் அங்கே ஒரு பெரிய விற்பனை நடந்தது உண்மை. விற்றது கட்டடத்தையன்று, கருவிகளையுமன்று, நேரத்தை. நிமிஷக் கணக்கிலே, விநாடிக் கணக்கிலே காலத்தைக் கூறுபோட்டு விற்றார்கள். தேயிலையை இறாத்தல் கணக்கிலே நிறுத்துப் பழகிய எங்கள் மலைநாட்டவருக்கு, கண்ணுக்குத் தெரியாத பண்டமொன்றை இவ்வாறு விற்கலாம் என்பது அந்நாளில் நம்பமுடியாத செய்தி.

இந்நாட்டில் ஒலிபரப்பு 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பிலே தொடங்கியது. தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற ஆங்கிலேயர் அதற்கு மூலவர். எனினும், சிறிய தீவொன்றின் குரல் பெருங்கண்டத்தை எட்டியதற்குக் காரணம் போர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமையகம் இலங்கையில் இருந்தது. அதன் படைவீரர்களுக்கென ஏக்கலையில் 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. யுத்தம் முடிந்தது, வீரர்கள் ஊர் திரும்பினர், கருவியைத் தூக்கிச் செல்ல இயலாது. அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1949-இல் 'ரேடியோ சிலோன்' உருவாயிற்று. அடுத்த ஆண்டு, 1950 செப்டெம்பர் 30-ஆம் நாள், வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. அதனை வழிநடத்தக் கிளிஃபோர்ட் டொட் என்ற ஆஸ்திரேலியர் வந்து சேர்ந்தார்.

இதற்கு முன்மாதிரி ஐரோப்பாவில் இருந்தது. பிரித்தானியாவின் பி.பி.சி. விளம்பரத்தைத் தீண்டாது. அதனால், சிறிய லக்ஸம்பர்க் நாட்டிலிருந்து பாட்டும் விளம்பரமும் கலந்து ஆங்கிலத்தில் ஒலிபரப்பிய நிலையத்தைப் பிரித்தானிய மக்கள் 1930-களிலேயே தேடிக் கேட்டனர். பெரிய நாடு மறுத்ததைச் சிறிய நாடு கொடுத்துப் பணம் பண்ணியது. இலங்கைக்கும் அதே வாய்ப்பு வாய்த்தது; வாய்க்கச் செய்தவர் இந்திய மந்திரி ஒருவர். 1952-இல் தகவல், ஒலிபரப்புத் துறையை ஏற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் சுவையைக் கெடுக்கிறது என்று கருதி, அகில இந்திய வானொலியில் அதற்குரிய இடத்தைக் குறுக்கினார். சங்கீதத்தின்பால் அவருக்கிருந்த பற்றை நான் ஐயுறவில்லை. ஆனால், செவிக்குப் பூட்டுப் போட முடியும் என்று நம்பியது பெரும் பிழை. இந்திய இல்லங்களில் வானொலியின் முள் மெல்ல நகர்ந்து கொழும்பிலே வந்து நின்றது.

அந்த முள் நகர்ந்த இடத்தில்தான் வியாபாரம் மூண்டது. டேன் மொலினா என்ற அமெரிக்கரின் நிறுவனம் பம்பாயிலே அமர்ந்துகொண்டு, இலங்கை வானொலியின் நேரத்தை இந்தியக் கம்பனிகளுக்கு விற்றது. நிகழ்ச்சிகளைப் பம்பாயிலேயே ஒலிநாடாவிற் பதிந்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்பினர். கொழும்பிலிருந்து அவை மறுபடியும் இந்தியாவின் வானத்துக்கே திரும்பின. பற்பசைக் கம்பனியொன்றின் ஆதரவில் 1952 இறுதியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' இவ்வாறு பிறந்ததே. அமீன் சயானி என்ற இளைஞர் வாரம் 25 ரூபா ஊதியத்துக்கு அதனை நடத்த வந்தார். முதல் நிகழ்ச்சிக்கு நாற்பது ஐம்பது கடிதம் வந்தாற் போதும் என்று எண்ணியிருந்தார்களாம், வந்தவை 9,000. 2024-இல் அவர் மறைந்தபோது இந்தியப் பத்திரிகைகள் எல்லாம் கொழும்பையும் சேர்த்தே நினைவுகூர்ந்தன.

தமிழுக்கு அந்த இடத்தைப் பெற்றுத் தந்தவர் எஸ். பி. மயில்வாகனன். வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் அவர். தமிழ்நாட்டின் சிற்றூர்த் தேநீர்க் கடைகளிலும் அவருடைய பெயர் தெரிந்திருந்தது. பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று எத்தனையோ குரல்கள். விளம்பரம் செய்தவர்களின் கணக்குப் புத்தகத்தில் அவை நேரம் விற்கும் குரல்கள். எனக்கோ அவை ழகரமும் ளகரமும் கற்பித்த ஆசிரியக் குரல்கள். முப்பத்தைந்து ஆண்டு தமிழ் கற்பித்த நான், உச்சரிப்பை முதலிற் கற்றது எந்த வகுப்பறையிலும் அன்று; தோட்டத்துக் கண்டக்டர் ஐயா வீட்டு வேலியோரத்தில்.

அந்த வேலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். பதுளைக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட தோட்டமொன்றில் நான் பிறந்தேன். எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். மின்சாரம் ஒன்றிலும் இல்லை. தொழிற்சாலையிலும் துரை பங்களாவிலும் மட்டுமே விளக்கு எரியும். கண்டக்டர் ஐயா வீட்டில் மோட்டார்க் காரின் பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டி ஒன்றிருந்தது. பற்றரி தளர்ந்துவிட்டால் அதைப் பதுளை டவுனுக்குச் சுமந்துசென்று 'சார்ச்' ஏற்றிக்கொண்டு வரவேண்டும். அந்த இரண்டு நாளும் தோட்டத்துக்கே காது அடைத்தது போலிருக்கும். கூரையிலிருந்து முள்முருங்கை மரத்துக்கு ஏரியல் கம்பி கட்டியிருப்பார்கள். மலைகள் மறித்த எங்கள் பக்கத்துக்குச் சிற்றலைதான் கைகொடுத்தது. அதுவும் ஒரே சீராக வராது. கடலலை போல ஏறும், இறங்கும். பாட்டின் நடுவே குரல் தேய்ந்து மறைந்து, சரணத்தின் இறுதியில் மீண்டும் கரையேறும். மறைந்த வரிகளை வேலிக்கு வெளியே நின்ற நாங்கள் பாடி நிரப்புவோம்.

மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டுக் கூடையோடு வரும் பெண்கள் அந்த வேலியருகே நடையைத் தளர்த்துவார்கள். நிற்பது என்று சொல்ல முடியாது. ஐயா வீட்டு வாசலில் நிற்கக் கூடாது. முடிந்த மட்டும் மெதுவாக நடப்பார்கள். பாட்டு முடிந்து விளம்பரம் வந்தாலும் நடை விரைவதில்லை. சவர்க்காரத்தின் மணத்தையும் பட்டுச் சேலையின் கரையையும் அந்தக் குரல் வர்ணிக்கும். அடுப்புக்கரியால் பல் துலக்கிய என் பாட்டி, பற்பசை விளம்பரத்தை இராகம் பிசகாமல் பாடுவாள். அந்தப் பற்பசையை அவள் இறக்கும் வரை கண்ணாற் கண்டதில்லை.

விற்றவர்களின் கணக்கில் நாங்கள் இருந்தோமா? இருந்திருக்க நியாயமில்லை என்றே நினைக்கிறேன். நேரம் வாங்கிய கம்பனிக்கு வேண்டியது பொருள் வாங்கும் செவி. செக்ரோலில் பேர் விழுந்தால் சம்பளம், சம்பளம் விழுந்தால் கடை முதலாளியின் பற்றுக் கொப்பி என்று வாழ்ந்தவர்கள் எதை வாங்குவார்கள்? நேரத்தை விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு நாங்கள் எண்ணிக்கையில் சேராத கூட்டம். ஆனால், வான் வழியே வருவதற்கு வேலியில்லை. விளம்பரத்தின் செலவில் எங்களுக்குத் தமிழும் இசையும் நாடகமும் இலவசமாகக் கிடைத்தன. வாங்கியவன் ஒருவன், அனுபவித்தவன் இன்னொருவன் என்று முடிந்த வியாபாரங்களில் இதைவிட நல்லதொன்றை நான் அறியேன்.

விளம்பரக் கலை ஊவாவுக்குப் புதிதுமன்று. ஹப்புத்தளைக்கு மேலே தம்பேத்தன்னையில், ஸ்கொத்லாந்து மளிகைக் கடைக்காரரான தோமஸ் லிப்டன் 1890-இல் தொழிற்சாலை கட்டினார். தோட்டத்திலிருந்து நேரே உங்கள் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று உலகெங்கும் முழங்கித் தம் பெயரையே பண்டமாக்கினார். 1975-இல் கம்பனித் தோட்டங்கள் இங்கே அரசுடைமையாயின. பெயர் மட்டும் கடலுக்கு அப்பால் தனியே வாழ்ந்தது. அந்தப் பெயரையும் அதனோடு சேர்ந்த தேயிலை வியாபாரத்தையும் யூனிலீவர் கம்பனி 450 கோடி யூரோவுக்கு விற்க 2021-இல் உடன்பட்டு, 2022-இல் கைமாற்றியது. மாணவன் கேட்ட விற்பனைக்கு எங்கள் மலையிலிருந்து உதாரணம் சொல்வதானால் அதைத்தான் சொல்லவேண்டும். கொழுந்து கிள்ளிய விரல்களுக்கும் அந்தத் தொகைக்கும் உள்ள தூரத்தை அவனே அளந்துகொள்ளட்டும்.

வானொலியின் வீழ்ச்சிக்கு வருவோம். அதைச் சுருக்கமாகவே கூறலாம். கேஸ்கரின் அரசாங்கமே தன் பிழையை உணர்ந்து 1957 அக்டோபரில் 'விவித் பாரதி'யைத் தொடங்கிச் சினிமாப் பாட்டுக்குக் கதவு திறந்தது. 1967 நவம்பரில் அங்கே விளம்பரமும் புகுந்தது. வீட்டருகே கடை திறந்தபின் கடல் கடந்து நேரம் வாங்க எத்தனை பேர் வருவர்? அதே 1967-இன் தொடக்கத்தில் ரேடியோ சிலோன், ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாக மாறியிருந்தது. 1972-இல் பெயரில் 'இலங்கை'யும் வந்தது. 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாக இந்நாட்டின் முதல் தொலைக்காட்சி தோன்றியபோது, இரண்டு மாதம் நிறையுமுன்பே, ஜூன் 5-ஆம் நாள், அரசு அதைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. அஃதாவது, இங்கே ஒலிபரப்பு அரசின் கைக்குப் போனதுண்டு. அரசின் கையிலிருந்து விலைபோனதில்லை. 1990-களில் தனியார் வானொலிகளுக்கு வழிவிடப்பட்டது. சிற்றலையின் ஏற்ற இறக்கத்துக்குப் பதில் பண்பலையின் தெளிவு வந்தது. பழைய நிலையத்தை யாரும் வாங்கவில்லை. அதன் நிமிஷங்களை வாங்க வந்தவர்கள்தாம் குறைந்தனர்.

இவ்வளவையும் அந்த மாணவனுக்கு எழுதிக் காட்டினால் போதும். ஆனால் நிமிஷக் கணக்கு என்று சொல்லும்போதெல்லாம், எனக்கு வேறொரு கணக்கு நினைவுக்கு வருகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

1948-ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தது. எங்களுக்கு அடுத்த காம்பராவிலிருந்த குடும்பத்துக்கு 1972-இல் இந்தியக் கடவுச்சீட்டு வந்தது. அந்த வீட்டு அக்கா ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொழுந்துக்குப் போனவள். ஒருநாள் தபாலட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"தம்பி, ஒனக்குத்தான் எழுத்து முத்து முத்தா வரும். 'நீங்கள் கேட்டவை'க்கு எழுதிக் குடு. தோட்டத்துப் பேரை மொதல்ல போடு. அப்புறம் எங்க எல்லாருட பேரையும் போடு. ஒண்ணையும் விட்டுடாதே."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தாய், தகப்பன், பாட்டி, தம்பிமார் நால்வர், பிள்ளைக்காம்பராவில் விட்டிருந்த கைக்குழந்தை, அப்புறம் சித்தப்பா குடும்பம் என்று பதினேழு பெயர். அட்டையில் இடம் போதவில்லை. மேலும், நான் வானொலி கேட்டுத் தேறியவன் அல்லவா? அங்கே ஒவ்வொரு விநாடிக்கும் விலையுண்டு, நீண்ட பட்டியலை வாசிக்கமாட்டார்கள் என்று எனக்கு நானே தீர்மானித்துக்கொண்டேன். ஐந்து பெயரை எழுதி, 'மற்றும் பலர்' என்று முடித்து, அவளிடம் சொல்லாமல் தபாலில் சேர்த்தேன்.

குடும்பம் புறப்பட்டுத் தலைமன்னார்ப் புகையிரதம் ஏறிய இரண்டாம் வாரம், கண்டக்டர் ஐயா வீட்டு அம்மா வேலிக்கு ஓடிவந்து கூவினார். தோட்டத்தின் பெயர் வானொலியில் வந்துவிட்டது. அறிவிப்பாளர் நான் எழுதியதை ஓரெழுத்தும் பிசகாமல், ஐந்து பெயரையும் அழகாக உச்சரித்து, 'மற்றும் பலர்' என்று நிறுத்தினார். பாட்டு ஒலித்தது. அடுத்த காம்பரா பூட்டிக் கிடந்தது.

சில மாதங்கள் கழித்து நீலகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968-இல் அங்கே தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருந்தது. அதே குளிர், அதே கூடை, ஆனால் கடைக்காரன் 'சிலோன்காரி' என்கிறான் என்று எழுதியிருந்தாள். அங்கேயும் தேநீர்க் கடையில் இலங்கை வானொலிதான் பாடுகிறதாம். தினமும் வேலை விட்டு வரும்போது அந்தக் கடைப்பக்கம் மெதுவாக நடக்கிறாளாம். இன்னும் தங்கள் பேர் வரக் காணோம். தம்பி, ஒருவேளை அங்கே வாசித்துவிட்டார்களா, எல்லாருடைய பேரும் வந்ததா என்று கேட்டிருந்தாள்.

வாசித்துவிட்டார்கள், பதினேழு பேரும் வந்தது என்று பதில் எழுதிப் போட்டேன்.